பாட்டு முடிந்தால் ஊர் வரும்

வட்டப்பாறையிலிருந்து மலையிறங்கித் தேனிக்குப் போக மூன்று மணி நேரம் ஆகும் என்றால் அது பஸ்ஸில் போகிறவர்களுக்கும் ஜீப்பில் போகிறவர்களுக்கும்தான். பவளக்கொடியின் பழைய வெள்ளைக் காரில் போகிறவர்களுக்கு ஒரு பாட்டு நேரம்தான் ஆகும். காரோடு சேர்ந்து வந்த டேப்பில் ஒரு கேசட் சிக்கிக்கொண்டு வெளியே வரமாட்டேன் என்று கிடந்தது, அதில் எந்த ஊர்ப் பெண்களோ என்றைக்கோ கைதட்டிப் பாடிய ஒரு கும்மிப் பாட்டு இருந்தது, பட்டனை அழுத்தினால் பாட்டு தொடங்கும், தொடங்கியதும் கண்ணாடிக்கு வெளியே தேயிலைச் சரிவும் கொண்டை ஊசி வளைவும் பாலமும் துவைத்த சேலையை மடிக்கிற மாதிரி மடிந்து மடிந்து ஒதுங்கும், கடைசிக் கைதட்டு அடங்குகிற நேரத்தில் கார் நிற்கும், கதவைத் திறந்தால் இறங்க வேண்டிய வாசல் இருக்கும். பவளக்கொடி மரியாதைக்கு ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருப்பாள்.

முதல் நாள் காலையில் ஊர் இதை அதிசயம் என்றது, மத்தியானத்துக்குள் அதில் குறை கண்டுபிடித்துவிட்டது. புளிசோறு கட்டிக்கொண்டு போனவர்கள் பொட்டலத்தைப் பிரிக்க நேரமில்லாமல் கீழே போய் ஏதாவது ஒரு மரத்தடியைத் தேட வேண்டியதாயிற்று. ரோடு சரியில்லை என்று சொல்லியே சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களிலிருந்து தப்பித்துக்கொண்டிருந்த ஆண்களுக்குச் சொல்லச் சாக்கில்லாமல் போயிற்று. மாமியாரோடு முறைத்துக்கொண்டு கிளம்பிய மருமகள்கள் கோபம் ஆறுவதற்கு முன்னாலேயே தாய்வீட்டு வாசலில் இறங்கி, ஆறாத கோபத்தோடு நாலு வார்த்தை கூடுதலாகப் பேசி, சின்ன விஷயத்தைப் பெரிதாக்கிக்கொண்டார்கள். அந்த மூன்று மணி நேர ரோடு எத்தனை குடும்பங்களைக் கட்டிக் காத்திருக்கிறது என்பது அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. குறை சொன்னவர்களெல்லாம் அடுத்த தடவையும் அதே காரில்தான் ஏறினார்கள்.

வட்டப்பாறையில் கிளம்புகிற ஆளிடம் எங்கே போகிறாய் என்று கேட்கிற வழக்கம் கிடையாது, கேட்டால் போகிற காரியம் விளங்காது. ஆகவே பவளக்கொடியும் கேட்டதில்லை, ஏறியவர்களும் சொன்னதில்லை, சொல்லாத இடம் காருக்கு எப்படித் தெரிகிறது என்று யோசிக்கவும் யாருக்கும் தோன்றவில்லை. ஒருதரம் மளிகைக்கடைக் கோட்டைச்சாமி சரக்கு எடுக்கச் சின்னமனூருக்கு என்று கிளம்பி, பல வருஷமாகப் பேச்சுவார்த்தை அற்றுப்போன தங்கச்சி வீட்டு வாசலில் போய் இறங்கினார். டேப் இழுத்திருக்கும் என்றார்கள். இறங்கினது இறங்கியாயிற்று என்று அவரும் ஒரு காப்பி குடித்துவிட்டு வந்தார், அதற்கப்புறம் நல்லது கெட்டதுக்கு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து உண்டாயிற்று.

அந்தப் பாட்டை நம்பியே உயிரோடு இருந்தவள் என்று ஊரில் ஒருத்தி உண்டென்றால் அது குருவம்மா. பவளக்கொடிக்கு நாத்தனார், புருஷனுக்கு மூத்தவள். அந்தப் புருஷன் திருப்பூரில் இன்னொருத்தியோடு குடித்தனம் வைத்துவிட்டு, பொங்கலுக்கு ஒன்றும் நடக்காத மாதிரி பையோடு வந்து நின்றபோது, பையை வாங்கி வாசலில் வைத்து, “இந்த வீட்டுல இனி எனக்கும் பவளத்துக்கும்தான் எடம்” என்று கதவைச் சாத்தியவள் அவள்தான். உள்ளே அழுதுகொண்டிருந்த பவளக்கொடியை, அழுதது போதும் வண்டி ஓட்டப் பழகு என்று சின்னமனூருக்கு விரட்டியவளும் அவள்தான். தம்பியை விட்டுவிட்டுத் தம்பி பொண்டாட்டியை வைத்துக்கொண்டவள் என்று ஊர் சொல்லும், முகத்துக்கு நேரே சொல்ல ஆளில்லை. அதற்காக இரண்டு பேரும் கொஞ்சிக் குலாவினார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். குழம்பில் உப்பு, கொடியில் துணி, கோழியை யார் அடைப்பது என்று பொழுது விடிந்தால் அடைந்தால் வாய்ச்சண்டைதான். அப்படிப்பட்ட குருவம்மாவுக்குக் கிட்னி இரண்டும் கைவிட்டுப் போய், செவ்வாயும் வெள்ளியும் தேனி ஆஸ்பத்திரியில் மெஷினில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டால்தான் அடுத்த முறை வரைக்கும் மூச்சு ஓடும் என்று ஆகிவிட்டது. பாட்டோடு போவாள், மெஷினில் படுப்பாள், பாட்டோடு திரும்புவாள், திரும்பியதும் குழம்பில் உப்பு போதவில்லை என்பாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, போகிற வழியில், பாட்டு பாதியில் கம்மி இழுத்து நின்றது. உள்ளே நாடா இடியாப்பமாகச் சுற்றிக்கொண்டுவிட்டது. நடுமலையில் ஒரு வளைவில் நின்ற காரைப் பவளக்கொடி மீதி வழிக்கும் கையால் ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்த்தாள், சாயங்காலம் கையாலேயே ஓட்டிக்கொண்டு திரும்பினாள். பாட்டுக்குப் பழகிவிட்ட கண்ணுக்கு அவ்வளவு நீள ரோடு தாங்கவில்லை. ஏறி வருகையில் ஒரு வளைவில் அவளை அறியாமல் தலை சாய்ந்தது, பின்னாலிருந்து குருவம்மா அவள் கொண்டையைப் பிடித்து ஓங்கி இழுத்த பிறகுதான் விழித்துப் பிரேக்கை மிதித்தாள். இறங்கிப் பார்த்தபோது முன் டயர் ஒன்றுக்குக் கீழே மண் இல்லை. குருவம்மா அந்த டயரையும் அதற்குக் கீழே இருந்த பள்ளத்தையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் தீர்த்துச் சொல்லிவிட்டாள். “பாட்டு இருந்தா வர்றேன். பாட்டு இல்லாம அந்த ரோட்டுல இனி நான் காலெடுத்து வைக்க மாட்டேன்.”

“பாட்டு வரும் மதினி” என்றாள் பவளக்கொடி. வரவைக்காமல் விடுவதில்லை என்று அப்போதே மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

கேசட் போனாலும் பாட்டு போகவில்லை. அங்கன்வாடி மனோன்மணி ஒருதரம் சும்மா வரும்போது அதைத் தன் போனில் பிடித்து வைத்திருந்தாள். போனிலிருக்கிற பாட்டைப் பழைய டேப்புக்குள் கொண்டுபோகிற அடாப்டர் ஒன்று வேண்டும், எது நல்ல அடாப்டர் என்பதுதான் கேள்வி. கோட்டைச்சாமி சின்னமனூரிலிருந்து மூன்று விதமாக வரவழைத்துக் கடைப் பலகையில் பரப்பி வைத்தார். சிகரெட் பற்றவைக்கிற ஓட்டையில் செருகினால் பாட்டைத் தானே ஒலிபரப்பி, காரில் இருக்கிற எஃப்.எம்.மில் கேட்கவைக்கிற குச்சி ஒன்று. டேப்புக்குள் தள்ளிவிட்டு அதன் ஒயரைப் போனில் மாட்டுகிற, வால் முளைத்த கேசட் ஒன்று. வாலில்லாமல் காற்றிலேயே போனோடு பேசிக்கொள்கிற புளூடூத் கேசட் ஒன்று. அன்றைக்குச் சாயங்காலமே ஊர் மூன்று கட்சியாகப் பிரிந்தது. காரை ஓட்டியறியாதவர்களும், போனில் பாட்டுக் கேட்டறியாதவர்களும், ஆளுக்கொரு கட்சியில் சேர்ந்து, குச்சியில் பக்கத்து ஸ்டேஷன் புகுந்துவிடும், வால் கேசட் பாதியில் பக்கம் புரளும், புளூடூத்தில் போன் வந்தால் பாட்டு நின்றுபோகும் என்று ஒருவர் சாமானை ஒருவர் கழித்துக்கட்டினார்கள். குருவம்மாவின் உயிர் அதில் தொங்குகிறது என்பதை யாரும் மறக்கவில்லை, அதனால்தான் சத்தம் அவ்வளவு இருந்தது.

வெள்ளிக்கிழமை குச்சியைச் செருகிக்கொண்டு போனார்கள். கும்மி நன்றாகத்தான் தொடங்கியது. பாதியில் மலைக்கு அந்தப் பக்கத்து மலையாள ஸ்டேஷன் நுழைந்து, இவர்கள் கைதட்டும் அவர்கள் பாட்டும் கலந்துகட்டிப் பாடி முடித்தபோது, கார் மேற்கே கேரளாவில் ஒரு ஏலக்காட்டில் கூலிக்காரர்கள் குடியிருக்கிற லயத்தின் முன்னால் நின்றது. குருவம்மா தாவணி வயசில் ஏலக்காய் பறிக்கப் போன எஸ்டேட் அது. வீங்கிய காலோடு இறங்கி, செடிகளுக்கு நடுவே குனிந்து தண்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள், அடையாளம் தெரிந்துகொண்ட ஒருத்தி கொடுத்த பால் விடாத கட்டன்சாயாவில் வாயை நனைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் அவளுடைய முறை அதற்குள் போய்விட்டது. திரும்புகையில் குச்சி ஒரு பிசிறும் இல்லாமல் பாடி வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டது, அதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. குச்சிக் கட்சிக்காரர்கள் மட்டும் அன்று கடைப்பக்கம் வரவில்லை.

சனிக்கிழமை வரச் சொல்லி ஆஸ்பத்திரியில் இடம் கொடுத்தார்கள். வால் கேசட்டைத் தள்ளினார்கள். பாட்டு பாதி போனதும் டேப் கடக்கென்று பக்கம் மாற்றியது, மறுபடி கடக்கென்று திரும்பியது, கடைசிக் கைதட்டு அடங்கியபோது கார் கிளம்பின இடத்திலேயே, அவர்கள் வீட்டு வாசலிலேயே நின்றது. குருவம்மா இறங்கி உள்ளே போனாள். எடுத்துவைத்த சேலைகளையெல்லாம் பிரித்து உதறி மறுபடி மடித்து, பரணில் கிடந்த பித்தளைப் பாத்திரங்களைப் புளி போட்டு விளக்கி, பவளக்கொடி கைக்கு எட்டுகிற உயரத்தில் வரிசையாக அடுக்கினாள். இந்த நேரத்தில் இதெல்லாம் எதற்கு என்று பவளக்கொடி கத்தினாள், வழக்கம்போல வாய்ச்சண்டையில் முடிந்தது.

அடுத்த இடம் செவ்வாய்க்கிழமைதான் கிடைத்தது, அன்றைக்குப் புளூடூத் கேசட். நடுப்பாட்டில், பாட்டை ஏற்றி வைத்திருந்த பவளக்கொடியின் போனுக்கு, சங்கரன்கோவில் பக்கம் வாழ்க்கைப்பட்டிருந்த குருவம்மாவின் மகள் கூப்பிட்டாள், பாட்டு கம்மியது, எடுத்துப் பேசி வைத்ததும் பாட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது, முடிந்தபோது கார் அந்த மகள் வீட்டு வாசலில் நின்றது. போனைப் பிடித்துக்கொண்டே கார் அங்கே போய்விட்டது என்று எல்லோருக்கும் புரிந்தது. மகள் சோறு பிசைந்து ஊட்டினாள். குருவம்மா வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக்கொண்டாள், பேத்திக்கு எண்ணெய் வைத்துத் தலை பின்னிவிட்டாள், உடம்புக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு நன்றாக இருக்கிறது என்றாள். அன்று ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் கூப்பிட்டு, நாளைக்காவது கொண்டுவந்துவிடுங்கள், இதற்கு மேல் தள்ளினால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்று பவளக்கொடியிடம் சொன்னாள்.

ஊர் திரும்பியதும் மூன்று கட்சியும் ஒன்றாகிவிட்டது. மதுரையில் கம்பெனி சாமானாக ஒரு நேர் ஒயர் கிடைக்கிறதாம், டேப்பைப் பிரித்துப் பற்றவைத்தால் எந்த ஸ்டேஷனும் புகாதாம், புரளாதாம், போன் வந்தாலும் நிற்காதாம் என்று பேசி முடித்து, அதை வாங்கிவர உடனே ஆளையும் அனுப்பினார்கள். கூட்டம் கலைந்த பிறகும் மனோன்மணி போகாமல் காருக்குப் பக்கத்திலேயே நின்றாள்.

“அக்கா, நான் சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க” என்றாள். “ஞாயித்துக்கெழம நான் அவசரமா கீழ போனேன்ல, அந்தக் குச்சியிலதான் போனேன். மலையாளத்துல நியூஸே வாசிச்சான். ஆனா நான் போக வேண்டிய எடத்துலதான் எறங்குனேன்.”

பவளக்கொடி நிமிர்ந்து பார்த்தாள். கோட்டைச்சாமி கடையைப் பூட்டிக்கொண்டிருந்தவர் சாவியோடு அருகில் வந்தார்.

“வால் கேசட்டு எனக்கு ரெண்டு தடவ பெரண்டுச்சும்மா. சரக்கு எடுக்கப் போனேன், சரக்குக் கடையிலதான் நின்னுச்சு.” அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அன்னிக்குத் தங்கச்சி வீட்டுல போயி எறங்குனேனே, அது டேப்பு இழுத்ததில்ல. அவளப் பாக்கணும்னு எனக்குத்தான் உள்ளுக்குள்ள கெடந்துச்சு. ஊர்ல எப்படிச் சொல்றது?”

இரண்டு பேரும் போன பிறகு பவளக்கொடி காரிலேயே உட்கார்ந்திருந்தாள். ஏலக்காடு, சொந்த வீடு, மகள் வீடு. அடாப்டரில் ஒரு குற்றமும் இல்லை. கார் எப்போதும் போல ஏறியவர் மனசு சொன்ன இடத்துக்குத்தான் போயிருக்கிறது. சொல்லிக்கொள்ள வேண்டிய இடங்களிலெல்லாம் குருவம்மா சொல்லிக்கொண்டு வந்துவிட்டாள், அந்த மூன்று இடத்துக்கும் அவளைக் கூட்டிக்கொண்டு போய் வந்தது தன் கைதான். அழுகை வருமென்று பார்த்தாள், வரவில்லை. கோபம்தான் வந்தது, அப்படியொரு கோபம் திருப்பூர்க்காரன் பையோடு வந்து நின்றபோதுகூட அவளுக்கு வந்ததில்லை.

விடிந்ததும் குச்சியையும் இரண்டு கேசட்டையும் பிடுங்கிக் கோட்டைச்சாமியின் கடைப் பலகையில் வைத்துவிட்டு வந்தாள். மதுரை ஒயர் வந்து சேர்ந்துவிட்டது என்று ஊரே திரண்டு நின்றது, அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். வீட்டுக்குள் போய், படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த குருவம்மாவின் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி, நடத்திக்கொண்டுவந்து முன் சீட்டில் உட்காரவைத்துக் கதவை அடித்துச் சாத்தினாள். யாரும் எங்கே என்று கேட்கவில்லை. பாட்டு இருக்கும்போது இவளுக்கென்ன வீம்பு என்று மட்டும், கார் கண்ணைவிட்டு மறைவதற்கு முன்னாலேயே, ஊர் குறை சொல்லத் தொடங்கியது.

“பாட்டு எங்க?” என்றாள் குருவம்மா.

“பாட்டு இல்ல.”

“அப்ப எறக்கி விடு. நாந்தான் சொல்லியிருக்கேன்ல.”

“ஏலக்காட்டுக்குப் போனீங்க, வந்தீங்க. வீட்டுக்குப் போனீங்க. மக வீட்டுக்கும் போயிட்டு வந்துட்டீங்க. எல்லா எடத்துக்கும் நான் வந்தேன்ல மதினி? இன்னிக்கு நான் கூப்பிடுற எடத்துக்கு நீங்க வாங்க.”

பாட்டில்லாத கார் ஓட்டுகிறவள் திருப்பின பக்கம்தான் போகும், பவளக்கொடி அதைத் தேனிப் பக்கம் திருப்பியிருந்தாள். தேயிலைச் சரிவு மடியவில்லை, பாலம் ஒதுங்கவில்லை, ஒவ்வொரு வளைவும் தன் முழு நீளத்துக்கு வந்து, முழுசாக ஒடித்துத் திருப்பிய பிறகுதான் போனது. டயர் தொங்கிய அந்த வளைவு வந்தபோது குருவம்மா பேசினாள்.

“அன்னிக்கு இந்த எடத்துலதான்டி பார்த்தேன். டயருக்குக் கீழ ஒண்ணுமில்ல. கிட்னி போனது எனக்கு. நீ என்ன பாவம் பண்ணுன? என்னக் கொண்டாந்து கொண்டுபோயி, என்னைக்காவது ஒருநாள் என்னோட சேந்து நீயும் அந்தப் பள்ளத்துல கெடக்கணுமா? போதும்னு நெனச்சேன். அதுல என்ன தப்பு?”

“தப்புதான்” என்றாள் பவளக்கொடி. “என்னக் கேக்காம நெனச்சீங்க பாருங்க, அது தப்பு. அந்த வீட்டுல என்னைய உக்கார வச்சதே நீங்க. நீங்க போயிட்டா அங்க நான் யாரோட இருக்குறது, கோழியோடயா?”

இன்னும் இரண்டு வளைவு போயிற்று. பவளக்கொடி கண்ணைக் கசக்கிக்கொண்டாள், ஒரு கையால் கன்னத்தில் அடித்துக்கொண்டாள், கார் ரோட்டின் ஓரத்தைத் தொட்டுவிட்டு உள்ளே வந்தது.

“என்னடி?”

“கண்ணு சொருகுது. ராத்திரி பூரா நீங்க மூச்சு வாங்குனதக் கேட்டுக்கிட்டு முழிச்சிருந்தேன். நான் தூங்கக் கூடாதுன்னா நீங்க பேசிக்கிட்டே வாங்க. பேசலைன்னா ரெண்டு பேரும் பள்ளத்துலதான்.”

அவள் சொன்னது பொய்யில்லை. பொய்யில்லை என்பது ஸ்டீயரிங்கில் ஆடுகிற அந்தத் தலையைப் பார்த்தாலே தெரிந்தது. குருவம்மா அவளை எரித்துவிடுகிற மாதிரி முறைத்தாள், பிறகு இழுத்து ஒரு மூச்சு விட்டு ஆரம்பித்தாள். உப்பிலிருந்து ஆரம்பித்தாள். வந்த நாளிலிருந்து ஒரு குழம்பிலாவது உப்பு சரியாகப் போட்டிருக்கிறாயா என்று கேட்டாள், நாலு வார்த்தைக்கு ஒருதரம் மூச்சு அறுந்தது, அறுந்த மூச்சைப் பிடித்துக்கொண்டு கொடியில் ஈரத்துணியை மேலே மேலே போடுகிற அழகைப் பேசினாள், கல்யாணப் பந்தலில் தலையை நிமிர்த்தாமலே உட்கார்ந்திருந்ததைப் பேசினாள், நிமிர்ந்து ஒருதரம் அந்தத் தடிப்பயலைப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்குமே என்று பேசினாள், தன் தம்பியைப் பேசினாள், தம்பியைப் பெற்றவளைப் பேசினாள், பெற்றவளைப் பெண் பார்க்க வந்தவர்களைப் பேசினாள், பவளக்கொடியின் தலை சாயும்போதெல்லாம் குரலை உயர்த்தி, சாகக் கிடக்கிறவளுக்கு எங்கிருந்து அவ்வளவு வந்தது என்று தெரியாதபடி, எதிரே ஏறி வந்த பஸ் ஒதுங்கி நின்று வழிவிடுகிற அளவுக்குப் பேசினாள். பவளக்கொடிக்கு ஒரு வளைவில் தூக்கம் வந்தது, அடுத்த வளைவில் ஆத்திரம் வந்தது, அதற்கடுத்த வளைவில் சிரிப்பு வந்தது, மலை முடிந்து வெயில் முகத்தில் அடித்தபோது குருவம்மா தொண்டை கட்டிப்போய், கட்டிய தொண்டையோடு, கோழியை அடைக்கத் தெரியாதவளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் வந்தது. நர்ஸ் இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டினாள், திட்டிக்கொண்டே ஊசியைக் குத்தி மெஷினை ஓடவிட்டாள், சிவப்புக் குழாய்கள் சுற்றத் தொடங்கின. பவளக்கொடி கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மூச்சு மெல்ல மெல்ல இறங்கி, முகத்தில் நீலம் வடிந்து, குருவம்மா கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். பேச அவளுக்கு இனி ஒன்றும் மிச்சமிருக்காது என்று பவளக்கொடி நினைத்தாள்.

“தூங்குறதுன்னா இப்பத் தூங்கிக்க” என்றாள் குருவம்மா. “நாளான்னிக்கு வெள்ளிக்கெழம, விடியக்கருக்கல்லயே கெளம்பிரணும். வெயில் ஏறுச்சுன்னா ஒனக்குக் கண்ணு நிக்காது.”

“சரி மதினி” என்றாள் பவளக்கொடி, கட்டில் ஓரத்தில் தலையைச் சாய்த்த உடனே தூங்கிப் போனாள்.